பழைய காருக்கு இரட்டை சைலன்சர்: எங்கே பிடிக்க வேண்டும், எங்கே ஆடவிட வேண்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்துப் பட்டணத்தில் எக்ஸோஸ், அதாவது புகைக்குழாய், வெல்டிங் வைத்து ஒட்டும் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும்: "அண்ணே, நல்லா இறுக்கமா அடிச்சிருங்க. துளிகூட ஆடக்கூடாது." கேட்பவர் ஆசை ஆசையாக வைத்திருக்கும் டட்சன் 120ஒய்க்கோ கேஇ30 கொரொல்லாவுக்கோ பின்னால் இரண்டு குழாய் வைக்க வந்திருப்பார். பட்டறைக்காரரும் வாடிக்கையாளர் மனம் கோணாமல் இரும்புக் கம்பியை நேராகக் காரின் அடித்தகட்டில் ஒட்டி அனுப்பிவிடுவார். கொஞ்ச நாளில் அதே கார் திரும்பி வரும். சைலன்சரின் கழுத்தில் விரிசல் விட்டிருக்கும். அப்படி இல்லையென்றால், மணிக்கு எண்பதில் போகும்போது உள்ளே பேச முடியாத அளவுக்கு ஒரு முழக்கம் கேட்கும்.

ஆடக்கூடாது என்று சொன்னதுதான் இரண்டுக்கும் காரணம். எக்ஸோஸ் குழாய் ஆடித்தான் ஆக வேண்டும். எந்தப் பகுதி எதோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று தெரிந்துகொண்டால், ஒரு சைலன்சரோ இரண்டோ, தாங்கிப் பிடிப்பதில் குழப்பமே வராது.

குழாய் ஏன் அசைகிறது?

எஞ்சின் காரோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டச் சொல்லிப் பாருங்கள். பின்சக்கரத்தில் ஓடும் பழைய கார்களில் எஞ்சின் முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்பும். எக்ஸோஸ் குழாய் அந்த எஞ்சினில்தான் போல்ட் போட்டு மாட்டியிருக்கிறது. எஞ்சின் மேலே லேசாகச் சாய்ந்தாலும் கீழே இறங்கி வரும் குழாய் அதைவிட அதிகமாகப் பக்கவாட்டில் நகரும்.

இரண்டாவது, சூடு. எஞ்சினை விட்டு வெளியே வரும் புகை, ஏற்றத்தில் மிதித்து ஓட்டும்போது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பின்னால் போகப் போகக் குறையும். சூடான இரும்பு நீளும். சாதாரண இரும்புக் குழாய் ஒரு மீட்டருக்கு, 100 டிகிரி சூடு ஏறினால், ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை 3 மீட்டர் குழாய், சராசரி 300 டிகிரி சூடு என்று வைத்துக்கொண்டால் 11 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் அதிகம் நீளும். அதே கணக்கில் 15 மில்லிமீட்டர், அதாவது ஒரு விரல் அகலத்துக்குக் கிட்டத்தட்ட. முன்பக்கம் எஞ்சினில் மாட்டியிருப்பதால், இந்த நீளம் முழுவதும் பின்பக்கமாகத்தான் தள்ளும். ஸ்டெயின்லெஸ் போட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று நினைத்து, பழைய குழாய் இருந்த அதே இடத்தில் அதே இறுக்கத்தோடு மாட்டிவிட்டு, பம்பரில் ஏன் குழாய் இடிக்கிறது என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மூன்றாவது, சடக்கு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சடக்கில் லோரி போட்ட பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் ஆக்ஸில், அதாவது பின்சக்கரம் இரண்டையும் இணைக்கும் அச்சு, துள்ளும். குழாய் அந்த ஆக்ஸிலுக்கு மேலே வளைந்துதான் பின்னால் போகிறது.

ஆக, குழாயின் முன்பாதி எஞ்சினுக்குச் சொந்தம், பின்பாதி காரின் உடம்புக்குச் சொந்தம். குழாய்க்கும் அந்த உடம்புக்கும் நடுவில் ரப்பர் இருக்க வேண்டும். இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், மீதியெல்லாம் இதிலிருந்து தானாக வரும்.

முன்பக்கம்: கியர்பாக்ஸோடு சேர்த்துப் பிடியுங்கள்

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் பூட்டப்பட்டவை, ஒன்றாகவே அசையும். அதனால் முன்குழாயை முதலில் தாங்க வேண்டிய இடம் கியர்பாக்ஸ். பல பழைய கார்களில் கியர்பாக்ஸின் பக்கத்திலோ வால்பகுதியிலோ அதற்கென்றே ஒரு பட்டை இரும்புப் பிராக்கெட் இருந்திருக்கும். பாதிக் கார்களில் இப்போது அது இருக்காது. யாரோ எப்போதோ கிளட்ச் வேலைக்காகக் கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். அது இல்லாமல் ஓடும் காரில் குழாயின் பாரமும் அதிர்வும் மேனிஃபோல்டு ஃபிளாஞ்சில், அதாவது எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து எடுக்கும் வார்ப்பில் குழாய் மாட்டும் இடத்தில், இறங்கும். கேஸ்கெட் ஊதிக்கொண்டே இருப்பதும், ஸ்டட் ஒடிவதும், சில சமயம் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே வெடிப்பதும் இதனால்தான். இரட்டைக் குழாய் வைக்கப் போகிறவர் பின்பக்க அழகைப் பார்ப்பதற்கு முன் காருக்கு அடியில் படுத்து இந்தப் பிராக்கெட் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இந்தப் பிராக்கெட்டுக்கு ரப்பர் தேவையில்லை, இரும்போடு இரும்பாகவே இருக்கலாம், இரண்டும் சேர்ந்தே அசைவதால். ஆனால் அதே இடத்தில் தவறியும் காரின் தரையிலிருந்து கம்பி இறக்கிப் பிடிக்காதீர்கள். ஒரு பக்கம் எஞ்சின் இழுக்கும், மறுபக்கம் கார் விடாது. நடுவில் இருக்கிற குழாய்தான் ஒடியும்.

இரட்டை என்றால் எது?

இந்தச் சொல்லை இரண்டு அமைப்புகளுக்குச் சொல்கிறோம். ஒரே குழாயில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வரிசையாக இரண்டு சைலன்சர் இருப்பது ஒரு வகை. முன்னால் இருப்பதை ரெசனேட்டர் என்பார்கள். இதில் தாங்குவது எளிது: ஒவ்வொன்றுக்கும் தனித் தாங்கல், அவ்வளவுதான்.

மற்றது, காரின் இரண்டு பக்கமும் தனித்தனிக் குழாய், தனித்தனி சைலன்சர். 1968-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6 போன்ற கார்களில் இது தொழிற்சாலையிலேயே வந்த அமைப்பு. எஞ்சினிலிருந்தே இரண்டு குழாய் புறப்படும், இரண்டு பக்கத்துக்கும் தாங்கல் இடங்கள் வைத்தே பாடியைச் செய்திருப்பார்கள். நம் ஊர்ச் சின்னக் கார்களில் அப்படி இல்லை. எஞ்சினிலிருந்து ஒரே குழாய் வரும், நடுவில் ஒய் வடிவத்தில் பிரித்து இரண்டாக்க வேண்டும். தாங்கல் இடமும் ஒரு பக்கத்துக்குத்தான் இருக்கும். மறுபக்கத்துக்கு நாம்தான் உண்டாக்க வேண்டும்.

மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 120ஒய்யின் எஞ்சின் 1,171 சிசி. அதற்கு இரண்டு சைலன்சர் வைப்பதால் குதிரைசக்தி கூடாது. கூடுவது பாரம்தான்: சைலன்சர் ஒன்று நாலைந்து கிலோ, குழாய் தனி. இன்னொரு கெடுதலும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. காலையில் கார் கிளப்பும்போது குழாய் முனையில் சொட்டுவது இதுதான். இருக்கிற சூட்டை இரண்டாகப் பங்கு போட்டால் சைலன்சர் இரண்டும் சரியாகச் சூடேறாது, ஆவி உள்ளேயே தண்ணீராகித் தேங்கும், உள்ளிருந்து துரு பிடிக்கும். வீட்டிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் காரில் இது சீக்கிரம் நடக்கும். அதனால் சின்ன எஞ்சினுக்கு நான் சொல்வது, ஒரே பெரிய சைலன்சரைக் குறுக்குவாட்டில் வைத்து அதிலிருந்து இரண்டு முனை எடுங்கள். பார்வைக்கு இரட்டை, தாங்குவதற்கு ஒன்று. இல்லை, எனக்கு இரண்டுதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம், சரியாகச் செய்தால் போதும். சைலன்சரைக் கொஞ்சம் பின்பக்கம் சரிவாக வைத்து, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடுங்கள். தண்ணீர் வடிந்துவிடும், சத்தத்தில் வித்தியாசம் தெரியாது.

எங்கே தொங்கவிடுவது

குழாயில் ஒட்டிய கம்பி, பாடியில் இருக்கும் கொக்கி, இரண்டையும் இணைக்கும் ரப்பர், இம்மூன்றையும் சேர்த்து ஹேங்கர் என்பார்கள். கூரையிலிருந்து தொங்கும் தூளி எப்படிப் பாரத்தையும் தாங்கி ஆட்டத்தையும் அனுமதிக்கிறதோ, ஹேங்கரின் வேலையும் அதுதான்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் சைலன்சருக்குச் சற்று முன்னால் ஒன்று, சைலன்சரைத் தாண்டி வால்குழாயில் ஒன்று. குறைந்தது இவ்விரண்டும் வேண்டும். ஆக்ஸிலுக்கு முன்னால் நீளமான குழாய் ஓடினால் அங்கே இன்னொன்று. தாங்கல் இல்லாமல் ஒரு மீட்டருக்கு மேல் குழாய் ஓடக்கூடாது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும். சைலன்சருக்குப் பின்னால் மட்டும் ஒரே ஹேங்கர் வைத்த காரில், முன்பக்க ஒட்டு முழுப் பாரத்தையும் முறுக்கையும் வாங்கும்.

உடைந்து வந்த சைலன்சர் கிடைத்தால் கையில் எடுத்துப் பாருங்கள். குழாய் ஒடிந்திருக்காது, ஒட்டும் விட்டிருக்காது. ஒட்டுக்கு ஒட்டினாற்போல், அரை சென்டிமீட்டர் தள்ளி, சைலன்சரின் மெல்லிய மூடித்தகடு வட்டமாகக் கிழிந்திருக்கும். கிழிந்த ஓரத்தில் ஒரு பாதி பழைய துரு நிறம், மறுபாதி பளபளப்பாக இருக்கும். துரு பிடித்த பாதி பல வாரங்களாக மெல்ல விரிந்தது, பளபளப்பு கடைசி நாளில் ஒரே அடியாகக் கிழிந்தது. கம்பியைச் சைலன்சரின் உடம்புத் தகட்டில் ஒட்டினால் இதுதான் கதி. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர் சுமார்தான். கம்பியைக் குழாயில் ஒட்டுங்கள், சைலன்சரின் கழுத்துக்குப் பக்கத்தில். வேறு வழியே இல்லாமல் உடம்பில்தான் ஒட்ட வேண்டும் என்றால், முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகட்டை ஒட்டி, அதன் மேல் கம்பியை ஒட்டுங்கள். பத்து மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி போதுமானது. நுனியில் ஒரு குமிழ் இருக்கட்டும், ரப்பர் நழுவாமல் இருக்க.

கம்பியின் நீண்ட முனை காரின் நீளவாக்கில் இருக்க வேண்டும். அப்போது குழாய் சூட்டில் பின்னால் நீளும்போது கம்பி ரப்பரின் துளைக்குள் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், எஞ்சின் பக்கவாட்டில் ஆடும்போது ரப்பர் ஊஞ்சலாடிக் கொடுக்கும். இன்னொரு நுணுக்கம்: பின் ஹேங்கரைக் குளிர்ந்த நிலையில் பொருத்தும்போது ரப்பரின் கீழ்முனை மேல்முனையைவிட அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருக்கட்டும். பார்க்க வளைந்து தெரியும். கார் நன்றாகச் சூடானதும் குனிந்து பாருங்கள், நேராக நிற்கும்.

பாடியில் கொக்கி மாட்டுவது எங்கே? சேஸி ரயில், குறுக்குச் சட்டம், ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளை. வெறும் தரைத்தகட்டில் மாட்டினால் அந்தத் தகடு முழுவதும் பறை மாதிரி அதிரும், முழக்கம் நேராகக் காதுக்கு வரும். வேறு இடமே இல்லையென்றால் தகட்டின் இரண்டு பக்கமும் அகலமான பட்டைத் தகடு வைத்து நடுவில் போல்ட் போடுங்கள். நைலான் வளையம் உள்ள லாக் நட்டைக் குழாய்ப் பக்கம் போடாதீர்கள், சூட்டில் நைலான் இளகிப் பிடிப்பு போய்விடும். முழு உலோக லாக் நட்டு கடையில் கிடைக்கும், விலையில் பெரிய வித்தியாசமில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று கட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு வால்குழாயும் ஒரே அளவில் நிற்கட்டும் என்று ஒரு குறுக்குக் கம்பியை ஒட்டிவிடுவதும் உண்டு. வேண்டாம். முன்னால் ஒய் இணைப்பில் இரண்டும் ஏற்கெனவே சேர்ந்திருக்கின்றன. பின்னாலும் சேர்த்தால் நாலு பக்கமும் பூட்டிய சட்டமாகிவிடும். இரண்டு குழாயும் ஒரே நீளம் இருப்பது அபூர்வம், சூடும் ஒரே மாதிரி ஏறாது, ஒன்று அதிகம் நீள மற்றது பிடித்து இழுக்கும். இணைப்பு ஒரு இடத்தில் இருந்தால் போதும். வால்குழாய்கள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டுமென்றால் ஹேங்கரின் உயரத்தைத் திருத்துங்கள்.

ரப்பர்

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கோலகங்சாரில் 1877-இல் ரப்பர் கன்று நட்டார்கள். அந்தப் பால்மரத்து ரப்பருக்கு அதிர்வை விழுங்கும் குணம் அருமையாக உண்டு, எஞ்சின் மவுண்டிங்கில் அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் சூடும் எண்ணெயும் ஓசோனும் அதற்கு ஆகாது. எக்ஸோஸ் ஹேங்கருக்கு இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் சூட்டையும் ஓசோனையும் தாக்குப்பிடிக்கும், சிலிக்கோன் இன்னும் அதிகச் சூடு தாங்கும். மரம் சீவின குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் மனம் வராது, ஆனால் உண்மை இதுதான்.

பழைய ஹேங்கர் நல்லதா என்று பார்க்கக் கைவிளக்கும் நகமும் போதும். மேலோட்டமாகப் பார்த்தால் கறுப்பாக, முழுசாகத் தெரியும். கம்பி நுழையும் துளையின் உள் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி விரியுங்கள். மயிரிழை விரிசல்கள் வாய் திறக்கும். நகத்தால் அழுத்தினால் குழி விழாமல் நொறுங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாற்றுங்கள். புதிய ரப்பர் ஒரு பக்கமும் தொய்ந்த ரப்பர் ஒரு பக்கமும் இருந்தால் இரட்டைக் குழாய் ஏற்ற இறக்கமாகத் தெரியும், பாரமும் ஒரு பக்கமே விழும்.

டியூப்பை வெட்டி முடிச்சுப் போடுவதும், பழைய டயரின் பக்கச் சுவரைப் பட்டையாக அறுத்து போல்ட் போடுவதும் தோட்டங்களில் காலங்காலமாக நடப்பது. டயர் பட்டைக்குள் நூல் இழை இருப்பதால் வழியில் அறுந்த ஹேங்கருக்கு அது வீடு வந்து சேரும் வரை நன்றாகவே தாங்கும். வீடு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

மாட்டும் முறை

காரைச் சாதாரணமாக ஜாக் வைத்துத் தூக்கினால் பின்சக்கரம் தொங்கிவிடும், ஆக்ஸில் கீழே இறங்கிவிடும், குழாய்க்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இடம் தாராளமாக இருப்பது போல் தெரியும். கீழே இறக்கினதும்தான் உண்மை தெரியவரும். ஆகவே ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கு அடியில் வையுங்கள், அல்லது சக்கரத்தோடு சரிவுமேடையில் ஏற்றுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள்.

ஆக்ஸிலுக்கும் அதற்கு மேலே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஆக்ஸில் அவ்வளவு தூரம் மேலே ஏறும். குழாய் அதற்கும் மேலே இன்னும் இரண்டு சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் சப்பாத்திக்குப் பிசைந்த மாவை ஒரு கட்டியாக ஆக்ஸிலின் மேல் ஒட்டிவைத்து, பின்னால் நாலு பேரை உட்காரவைத்து மேடு பள்ளமான சடக்கில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் மிச்சமிருக்கும் இடம் தெரிந்துவிடும். தரைத்தகட்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர், பிரேக் ஹோசுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியும் நடுவில் ஒரு சூட்டுத் தடுப்புத் தகடும் வேண்டும். புதிதாக இரண்டாவது சைலன்சர் வைக்கும் பக்கத்தில்தான் பல கார்களில் பெட்ரோல் டேங்கோ ஹேண்ட்பிரேக் கேபிளோ இருக்கும். தொழிற்சாலை அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டதற்குக் காரணம் இருந்திருக்கும், அதைத் தேடிப் பாருங்கள்.

எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாகவே மாட்டுங்கள். ஒரு குழாய் மற்றதற்குள் நான்கைந்து சென்டிமீட்டர் நுழைந்திருக்க வேண்டும். முன்னாலிருந்து பின்னால் போகிற வரிசையில் நேர்செய்து, அதே வரிசையில் இறுக்குங்கள். பின்னாலிருந்து தொடங்கினால் கோணல் எல்லாம் சேர்ந்து முன்னால் மேனிஃபோல்டில் வந்து நிற்கும். யு கிளாம்ப் குழாயை நசுக்கிப் பிடிக்கும், பிறகு கழற்றுவது பெரும்பாடு. அகலப் பட்டைக் கிளாம்ப் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் பழைய காரை அடிக்கடி பிரித்து மாட்டுகிறவர்களுக்கு அதுதான் லாபம். ஹேங்கர் கம்பிகளைக் காரிலேயே வைத்துப் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, கழற்றி, வெளியே வைத்து முழு ஒட்டுப் போடுங்கள். காரில் வைத்து ஒட்டுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் நெருப்புப்பொறி பறக்கும் எந்த வேலையும் கூடாது.

வால்குழாய் பாடியின் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கட்டும். அழகுக்காக உள்ளே இழுத்து வைத்தால் புகை பூட் வழியாக உள்ளே வரும். பழைய காரில் பூட் ரப்பர் நன்றாக இருப்பது குறைவு. புகையில் இருக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாகன இரைச்சலுக்கென்று சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987-ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. குழாய் அமைப்பை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது பிறகு வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பகோமில் வரிசையில் நின்று திரும்புவதைவிட மேல்.

மாட்டிய பிறகு

எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்குழாயைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். எல்லாப் பக்கமும் மெத்தென்று கொஞ்சம் அசைந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வர வேண்டும், எதிலும் இடிக்கக்கூடாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விறைப்பாக இருந்தால் அந்தப் பக்கக் குழாய் எங்கோ இழுபட்டு நிற்கிறது. அதன் கிளாம்பைத் தளர்த்தினால் குழாய் தானாக ஒரு பக்கம் துள்ளும், அது எங்கே போய் நிற்க விரும்புகிறதோ அங்கே விட்டு ஹேங்கரைத் திருத்துங்கள்.

ஓட்டும்போது சத்தம்தான் வழிகாட்டி. ரிவர்ஸ் போடும்போது மட்டும் டொக் என்று இடித்தால், எஞ்சின் எதிர்ப்பக்கம் சாயும்போது முன்குழாய் எதையோ தொடுகிறது. தோட்ட வாசல் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடித்தால் ஆக்ஸிலின் மேல் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் டிக் டிக் என்று கேட்டுச் சூடானதும் மறைந்தால் ஏதோ இணைப்பில் புகை கசிகிறது, இரும்பு விரிந்ததும் அடைபட்டுக்கொள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் முழக்கம் கேட்டு, அதைத் தாண்டினால் நின்றுவிட்டால், பாடியில் எங்கோ ரப்பர் இல்லாமல் இரும்பு தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது ஹேங்கர் ரப்பர் அளவுக்கு மீறிக் கெட்டியாக இருக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓடினதும், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எல்லாக் கிளாம்பையும் முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். புதிதாக மாட்டிய குழாய் முதல் சில சூட்டிலேயே கொஞ்சம் உட்கார்ந்துவிடும்.